பூட்டியதைப் பார்க்காத சாட்சி

பார்சல் ஆபீசில் தொலைபேசி எடுக்கிற அம்மாளுக்கு 'உண்மை விளம்பி' என்று பேர் வைத்தவர் குமாஸ்தாதான். முதலாளி உள்ளே இருந்தால் 'இல்லை' என்று அந்த அம்மாள் சொல்லவே மாட்டார். "இருக்கார், இப்ப பேச முடியாதுங்க" என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கண்ணை மூடி ஒரு ஜெபம். பதினொரு வருஷத்தில் ஒருவருக்கும் உபதேசம் செய்ததில்லை. குமாஸ்தாவோ வாயைத் திறந்தால் புளுகு. தாமதமாக வந்த நாட்களுக்காகவே மாமனாரை மூன்று தடவை சாகடித்தவர்.

ஒருநாள் காலையில் கிடங்கின் ஷட்டர் பாதி திறந்து கிடந்தது. மழையில் நாற்பது புத்தகப் பார்சல்கள் ஊறிப்போயிருந்தன.

"சத்தியமா நான் பூட்டிட்டுத்தான் போனேன்!" என்று குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். உண்மையிலேயே பூட்டியிருந்தார். நம்பத்தான் ஆள் இல்லை. "நாளையிலேருந்து நீ வரவேண்டாம்" என்றார் முதலாளி.

குமாஸ்தா தொலைபேசி மேஜைக்கு ஓடினார். "நான் பூட்டினதைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா நம்புவார்."

"பார்க்கலையே அண்ணே."

"என் பிழைப்பே போகுது. இதுக்குப் போய் உன் சாமி கோவிச்சுக்குமா?"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே முதலாளி அறைக்குப் போனார். "அண்ணன் பூட்டினதை நான் பார்க்கலைங்க ஐயா. பூட்டாம போனதையும் யாரும் பார்க்கலை. இன்னிக்கு ஒரு நாள் டைம் குடுங்க."

மத்தியானம் சாப்பிடாமல் எதிர்வரிசைக் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். கடைசியில் பஞ்சர் கடைக்காரர் வந்து சாட்சி சொன்னார். ஆபீஸ் மூடிய பிறகு முதலாளியின் மச்சானே தன் சாவியால் ஷட்டரைத் திறந்து, குடை எடுத்துக்கொண்டு போனாராம். மச்சான் அசடு வழிந்தார். "சரி சரி, எல்லாரும் போய் வேலையைப் பாருங்க" என்று முதலாளி ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒப்புக்குக்கூட ஒரு வருத்தம் சொல்லவில்லை, பெரிய மனுஷன்!

குமாஸ்தா நன்றி சொல்ல வந்தார். அதற்குள் அந்த அம்மாள் எழுந்து நின்றார்.

"அண்ணே, நீங்கதான் பூட்ட மறந்திருப்பீங்கன்னு நானும் நினைச்சேன். கடை கடையா ஏறினப்பகூட மனசுல அதுதான் இருந்துச்சு. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்ல? மன்னிச்சிடுங்க."

குமாஸ்தாவைத் திட்டியவர்கள் உண்டு, கேலி செய்தவர்கள் உண்டு. மன்னிப்புக் கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. "பரவால்லம்மா" என்று சொல்லப் பார்த்தார், அழுகைதான் வந்தது.