வெள்ளைத் துணியும் கலைந்த கண்மையும்

கல்யாணப் பொண்ணுக்குச் சோடிக்கிற தொழிலில், பொண்ணு அழகாவதற்கு முன்னால் நம்ம இடுப்பு ஒடிந்துவிடும். குனிந்து குனிந்து கொசுவம் பிடித்து, விரலெல்லாம் ஊசிக் குத்து வாங்கிய சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஹட்டனைச் சுற்றி எல்லாச் சனத்துக் கல்யாணத்துக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் நான்.

பொண்ணு இல்லாத மேடை

டவுனில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம். நம்ம பக்கம் பொண்ணு மணையில் உட்கார்ந்தால்தானே எல்லாம் நடக்கும்? அந்த நினைப்பில் அவசரம் அவசரமாகக் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கண் முடிந்திருந்தது. அதற்குள் பள்ளிவாசலில் இருந்து போன் வந்தது. மாப்பிள்ளையும் பொண்ணோட வாப்பாவும் கையைப் பிடித்து நிக்காஹை முடித்துவிட்டார்களாம். வீடு முழுக்கச் சிரிப்பும் முத்தமும். பொண்ணு மட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, ஒத்தக் கண்ணோட கல்யாணம் முடிச்ச மொத ஆள் நான்தானா?"

பால் கடன்

பொல்பிட்டியவில் ஒரு சிங்கள வீடு. கண்டிச் சேலையான ஒசரி கட்டி, நெற்றிப் பட்டம் வைத்து, கழுத்தில் மாலைக்கு மேல் மாலையாகப் போட்டுவிட்டேன். நல்ல நேரத்துக்கு ஒரு நிமிசம் பிந்தக் கூடாது என்று ஆளாளுக்கு மணிக்கூட்டைப் பார்த்தார்கள். சோடித்த பலகை மேடையை அவர்கள் போருவ என்பார்கள். அதில் ஏறி நின்ற மாப்பிள்ளை, பொண்ணோட அம்மாவுக்கு ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்துக் கும்பிட்டான். அந்த அம்மா பொலபொலவென்று அழுதார்.

அவர் முகத்தைத் திருத்திவிடும்போது எதற்கு அந்தத் துணி என்று சிங்களத்தில் கேட்டேன். மகளுக்குப் பால் கொடுத்து வளர்த்ததற்காம். எனக்குச் சட்டென்று வீட்டில் விட்டுவந்த பிள்ளை ஞாபகம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மகளைக் கூப்பிடுகிற மாதிரியே 'துவ' போட்டுக் கேட்டார்:

"உங்க ஆக்கள்ல அம்மாவுக்கு என்ன குடுப்பாங்க துவ?"

பேசாத அம்மா

அடுத்தது நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நம்ம பொண்ணு, சிங்கள மாப்பிள்ளை. ஹட்டனில் ஒரே கடையில் வேலை செய்து பழகிய காதல். அப்பா எப்படியோ சம்மதித்துவிட்டார். கொழுந்து எடுக்கிற அம்மா மட்டும் சம்மதமும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. மாப்பிள்ளையை ஒரு முறைகூட முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அந்தாளு" தான்.

காலையில் கோயிலில் தாலி கட்டும்போது அந்த அம்மா தூண் ஓரமாகவே நின்றார். மத்தியானம் மண்டபத்தில் போருவ. நான் ஒசரி கட்டிவிட, பொண்ணு தேம்பினாள்:

"அம்மா மேடையில ஏறுனா போதும்க்கா, எனக்கு நீங்க பூகூட வைக்க வேணாம்."

அதே துணி

தட்டில் வெள்ளைத் துணியை மடித்து வைப்பதைப் பார்த்தேன். நம்மில் புருசன் போனவளுக்குத்தானே வெள்ளை? மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னால், அவர்கள் வழக்கத்தைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். சேலைக்கு ஊசி குத்துகிற சாக்கில் அந்த அம்மாவை ஒதுக்குப்புறமாக இழுத்துப்போய்ச் சொன்னேன்: "அக்கா, ஒரு வெள்ளைத் துணி குடுப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பால் குடுத்து வளத்ததுக்கு அவங்க செய்ற மரியாதை." அவர் நான் குத்திய ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொண்ணோட சின்ன விரலையும் மாப்பிள்ளையோட சின்ன விரலையும் நூலால் கட்டி, தாய்மாமன் தண்ணீர் ஊற்றினார். அம்மாவைக் கூப்பிட்டார்கள். மெதுவாக மேடைக்கு வந்தார். பையன் துணியை நீட்டினான். அத்தை ஒருத்தி வாய் பொறுக்காமல், "அடியாத்தி, புருசன் இருக்கையில வெள்ளையா?" என்றாள். பொண்ணோட அப்பா பதறிப்போய் கையைத் தூக்கினார்: "நான் இந்தா நிக்கிறேன், நல்லாத்தான் இருக்கேன்!"

யாரும் சிரிக்கவில்லை. பொண்ணு அம்மா முகத்தையே பார்த்தாள். நீட்டின கையை அந்தப் பையன் இறக்கவில்லை. அம்மா அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணியை வாங்கி, ஒரு முனையைப் பிரித்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, தமிழ் நன்றாக விளங்குகிற அந்தப் பையனிடம் கேட்டார்:

"மூணு வயசு வரைக்கும் விடாம குடிச்சவ இவ. ஒரு துணி போதுமா மருமகனே?"

எந்தச் சனத்துக் கல்யாணமானாலும் நான் காசு வாங்குவது பொண்ணைச் சோடிக்க, கடைசியில் அழுது கலைந்த மையைத் திருத்திவிடுவது மட்டும் அம்மாக்களுக்கு.