காளான் எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?

காளான் பக்கற்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார் மஸாஹிரா. உள்ளே நீர் கோத்திருக்கிறதா, அடியில் கூழ் கட்டியிருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். விரல் நுனியால் அழுத்தினார். பிறகு துளைகளில் மூக்கை வைத்தார். கம்பளைச் சந்தைக்குப் பின்தெருவில் கடை வைத்திருக்கும் பஹீமுக்கு இது பழகிப் போயிருந்தது.

"மாமி, காலையிலதான் வந்திச்சி."

"வந்தது காலையில. பிடுங்கினது எப்பவோ?"

வீட்டுச் சோதனை இன்னும் கடுமையானது. வெள்ளைப் பீங்கானில் ஊறப்போட்டுத் தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். ஒரு துண்டை நகத்தால் கீறி ஜன்னலோரம் வைப்பார். வழுவழுப்பு, புளித்த வாடை, ஆஸ்பத்திரி வாடை, எது தட்டுப்பட்டாலும் மொத்தமும் குப்பைக்குத்தான். கணவர் ஹுஸைன் வாயே திறக்க மாட்டார். போன வருடம் காளான் கறி சாப்பிட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தவர் அவர். காளான்தான் காரணம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. மஸாஹிராவுக்கு அந்த உறுதி தேவைப்படவும் இல்லை. கறியை ஆக்கியது அவருடைய கை.

அன்று பஹீமின் கடைக்குப் புதிதாக வந்திருந்த காளான் அளவுக்கு மீறி வெளுத்திருந்தது. "இதுக்கு மருந்து அடிச்சி ஈக்கி" என்று மஸாஹிரா சொன்னதைக் கடையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். பேச்சு தெருத் தெருவாகப் போனது. பஹீம் அந்தக் காளானை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மற்றக் கடைக்காரர்களும் நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் மஸாஹிராவின் வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். தெல்தோட்டையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டுக் காளான் வளர்க்கும் கஜனி. கையில் ஒரு பக்கற்று.

"நான்தான் ஆன்ட்டி அந்த மருந்தடிச்ச ஆளு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மஸாஹிரா அவளைக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பீங்கானை எடுத்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வாடையும் இல்லை. கீறிவைத்த துண்டு மட்டும் மெல்ல மங்கியது.

"மஞ்சளாவுதே. பழசோ?"

கஜனி கதிரையிலிருந்து எழுந்தாள். "வெள்ளையா இருந்தா மருந்துங்கிறீங்க. மஞ்சளானா பழசுங்கிறீங்க. அப்ப நான் எந்த நெறத்துலதான் வளக்குறது? ஒரு கடை எடுக்க மாட்டேங்குது. பறிச்சது அத்தனையும் குழிவெட்டிப் பொதைச்சேன்."

மஸாஹிரா பீங்கானைத் தூக்கிக்கொண்டார். அடுப்படிக்குப் போய், அந்தக் காளானைத் தேங்காய்ப்பாலில் ஆக்கினார். தட்டு நிறையச் சோறு போட்டு, கறியை ஊற்றி, கஜனியின் முன்னால் வைத்தார்.

"தின்னு மகள். நான் பாக்கணும்."

கஜனி அவரை நேராகப் பார்த்தபடியே பிசைந்து சாப்பிட்டாள். மஸாஹிரா எதிர்க் கதிரையில் அமர்ந்து, அவளுடைய தொண்டையையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் கஜனி அவசரமாகத் தண்ணீரை எடுத்தாள். மஸாஹிரா பாதி எழுந்துவிட்டார்.

"என்னா செய்யிது?"

"ஒறைப்பு, ஆன்ட்டி."

கஜனியின் கோப்பையில் இன்னும் தண்ணீர் ஊற்றினார் மஸாஹிரா. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, கதிரையை அருகில் இழுத்துப் போட்டு, கஜனியின் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.