வழியனுப்ப வந்தவர்கள்

என் ஒரே மகள் சிட்னியில் இருக்கிறாள். போன வருஷம் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறக்க இருந்தது. உம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆகவே கல்முனையை விட்டு அதிகம் அசையாத நான் விமானம் ஏறுவதென்று முடிவானது.

திட்டமெல்லாம் அவள்தான். கொழும்புக்கு பஸ், கட்டுநாயக்காவில் விமானம், சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம். "உம்மா, சிங்கப்பூர்ல உங்களுக்குச் சக்கர நாற்காலி சொல்லியிரிக்கன்" என்றாள்.

"என்ட காலுக்கு என்ன குறை?"

"கால் நல்லம் உம்மா. நாற்காலியில இருந்தாத்தான் சரியான கதவுல கொண்டு விடுவாங்க."

நன்றாக நடக்கிற என்னை நொண்டியாக்கிவிட்டாள். சரியென்றேன். ஹலால் சாப்பாடு சொன்னாயா, கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கை வேண்டும், மாசிக் கருவாடு கொண்டுவரலாமா என்று தினமும் போனில் அவளைக் குடைந்தெடுத்தேன். எல்லாம் கேட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் யாரும் தூரப் பயணம் போவதென்றால் சனம் வந்து ஸலாம் சொல்லி, துஆவில் தங்களையும் நினைக்கச் சொல்லிவிட்டுப் போகும். அந்த வாரம் என் வீட்டில் தேத்தண்ணிக் கேத்தல் அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. ஒருநாள் பின்னேரம், முன்பின் பார்த்திராத ஒரு பெண் தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மருமகனின் சொந்தமாக இருக்கும் என்று பாய் விரித்துப் பலகாரம் வைத்தேன்.

அவள் பலகாரத்தைத் தொடவில்லை. எழுந்து குசினிக்குள் போனாள். குழாயைத் திறந்து பார்த்தாள், சுவரைத் தட்டினாள், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். வழியனுப்ப வந்தவளுக்குக் கிணற்றில் என்ன வேலை? எனக்குச் சுர்ரென்று ஏறியது. விருந்தாளியாச்சே என்று அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றி எடுத்து வந்தேன்.

"நீங்க எப்ப வெளிக்கிடுறீங்க ராத்தா? நோன்பு முடிய என்ட மகளுக்குக் கலியாணம். அதுக்குள்ள பெயின்ற் அடிக்கோணும்."

"எதுக்குப் பெயின்ற்?"

"இந்த ஊட்டுக்குத்தான். உங்கட மகளோட வெலையெல்லாம் கதைச்சி முடிஞ்சிதே."

கையிலிருந்த கோப்பை சாய்ந்து, தேத்தண்ணி என் காலில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

மகளுக்கு வீடு கொடுத்துத்தான் இங்கே கலியாணம். நாங்களும் அப்படித்தான் இந்த வீட்டை அவள் பேரில் எழுதினோம். எழுதினாலும் உம்மாவும் வாப்பாவும் பின்னறையில் இருப்பார்கள். யாரும் அதைப் பேசி வைப்பதில்லை. அவள் வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடினதும் அந்த அறையில்தான். நான் இங்கே குடியிருக்கிறவள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இது என் வீடு.

அவர்களுக்கு முன்னாலேயே மகளுக்கு அழைத்தேன்.

"மகள், எனக்குத் திரும்பி வாற டிக்கெட் எப்பைக்குப் போட்டிரிக்கா?"

நாற்காலி, இருக்கை, சோறு எல்லாம் கேட்ட நான் இதைக் கேட்கவே இல்லை. திரும்பி வருவதை யாராவது கேட்பார்களா?

போன் திரையில் அவள் முகம் சுருங்கியது. "போடல்ல உம்மா. தனிய அங்க இருந்து என்ன செய்யப் போறீங்க? இஞ்ச எங்களோட இரிங்க. நீங்க வந்தாப்புறகு சொல்லுவம் எண்டு இருந்தன்." சொல்லிவிட்டு அழுதாள். என்னை வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில்தான் செய்திருக்கிறாள். அதனால் எனக்கு ஏசவும் முடியவில்லை.

வந்தவள் வாசலில் விறைத்துப்போய் நின்றாள். "அல்லாஹ்வே, உங்களுக்குத் தெரியாதா ராத்தா?"

நான் போனை வைத்தேன். அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"வாங்கினா யார்ர பேர்ல எழுதப் போறீங்க?"

என்ன கேள்வி இது என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். "மகள்ட பேர்லதான் ராத்தா. வேற யார்ர பேர்ல எழுதுற?"

உன் பேரில் ஒரு அறையாவது வை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள். இந்த வீட்டை எழுதின அன்று யாராவது சொல்லியிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.