நெரெய்தா பார்க்காத ஆட்டம்

வாந்தெலைப் பெரிய பேஸ்பால் அணிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, நெரெய்தா வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்தவர் பக்கத்துக் கடைக்காரர் சிப்ரியானோ. அந்தத் தெருவுக்கே அவர் கடையில்தான் தொலைபேசி. கனத்த உடம்பு, ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. அவளை அவர் மரியாதையாகத் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவார்.

"தோன்யா, உங்க மகன மேல ஏத்திட்டாங்க. மேஜர் லீக். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆட்டம், டிவியில காட்டுறாங்க."

நெரெய்தா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "சாப்பிட்டானாமா?" என்றாள்.

"அத நான் கேக்கல."

"பின்ன எதத்தான் கேட்டீங்க?"

"நீங்களே கேட்டுக்கோங்க. லைன்ல நிக்கிறான்."

அடுப்பை அணைத்தாளா இல்லையா என்பது அவளுக்குப் பிறகு நினைவில்லை. கடையின் நடுவில் நின்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எட்டு மாதமாக இந்தக் குரல்தான் மகன். குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தது. கடைசியில் அவன் தயங்கித் தயங்கி அதைக் கேட்டான்.

"அம்மா, நீ பாக்க மாட்டேல்ல?"

"மாட்டேன்டா."

"சத்தியமா?"

"அல்தாகிராசியா மாதா மேல சத்தியம்."

கரும்பாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் யாரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். நெரெய்தாவின் கண் பட்டால் வாந்தெலின் பந்து கெட்டுவிடும், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சின்ன வயதில் ஆலை மைதானத்தில் அவன் பந்து எறியும்போதெல்லாம் அவள் பொரித்த பலகாரத்தை ஈயப் பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு போய் ஓரமாக நிற்பாள். அவள் வந்து நின்ற ஆட்டத்திலெல்லாம் அடி வாங்கினான். வராத ஆட்டத்திலெல்லாம் ஜெயித்தான். ஒரு இறுதி ஆட்டத்தன்று ஆசை தாங்காமல் கரும்பு லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். அன்றைக்கு எதிரணி அவன் பந்தை மைதானத்துக்கு வெளியே மூன்று தடவை அனுப்பியது. லாரிக்குப் பின்னால் அவள் பாவாடை நுனியைப் பையன் பார்த்துவிட்டான். பதின்மூன்று வயதுப் பிள்ளை, மண்ணில் உட்கார்ந்து அழுதான். "இனிமே வராதேம்மா."

அதோடு சரி. அவள் போகவில்லை. அணிகளுக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கிறவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து அவன் வேகத்தை அளந்த நாளில், அவள் மாதா கோயிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அகாடமியில் சேர்ந்தபோதும், சின்ன அணிகளில் அவன் பெயர் எடுத்தபோதும், ஊரே பார்த்தது. பெற்றவள் பார்க்கவில்லை. மற்ற தாய்மார்கள் மகனுக்குப் பணத்தைக் கொடுத்தார்கள், படிப்பைக் கொடுத்தார்கள். நெரெய்தா பார்க்காமல் இருந்ததைக் கொடுத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் ராத்திரி படுத்தால் ஒன்றுதான் மனதில் ஓடும். என் பிள்ளை இப்போது எப்படி எறிகிறான்? அந்த மெலிந்த கை எந்த உயரத்துக்குப் போய் இறங்குகிறது? பெற்றவளுக்குத் தெரியாதது ஊரில் டோமினோ ஆடுகிறவனுக்கெல்லாம் தெரிகிறதே.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. சிப்ரியானோ டிவியைத் தூக்கிச் சோடாப் பெட்டிகளின் மேல் வைத்திருந்தார். நெரெய்தாவின் அடுப்படிக்கும் கடைக்கும் நடுவே ஒரே ஒரு தகரச் சுவர். தகரத்திலிருந்த விரிசலைக் காலையிலேயே அவள் துணி வைத்து அடைத்துவிட்டாள். நெரெய்தாவைக் 'கொம்மாத்ரே' என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிற சிப்ரியானோவின் மனைவி தோமிங்கா காவலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"காவலா? நான் என்ன திருடியா?"

"திருடிய விட மோசம், கொம்மாத்ரே. திருடி காசத்தான் எடுப்பா. நீ ஒரு பார்வ பாத்தா ஊரோட பதினொரு வருஷத்து கனவு போயிரும்."

"உன் புருஷனப் பாத்துக்கிட்டே இருக்கேன், அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலியே."

"ஆகாமயா வயிறு அப்படி இருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. தகரத்துக்கு அந்தப் பக்கம் டோமினோக் கட்டைகளின் சத்தம் அடங்கிவிட்டது. யாரோ, "எந்திரிச்சுட்டான், எந்திரிச்சுட்டான், வர்றான்" என்றார்கள். ஆட்டம் முடிய இன்னும் மூன்று சுற்று இருந்தது. அவன் அணி ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. எதிரணியில் இரண்டு பேர் ஓடி வரத் தயாராகத் தளங்களில் நிற்க, அந்த ஒரு ஓட்டத்தைக் காப்பாற்ற வாந்தெலை அனுப்பியிருந்தார்கள்.

நெரெய்தாவின் உடம்பு தானாகத் திரும்பியது. தோமிங்கா அவள் தோளைப் பிடித்தாள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நெரெய்தா எண்ணெய்ச் சட்டியை நோக்கிக் குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைக் கட்டியவள்போல முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த வீட்டில் மகன் நிற்கிறான். ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம். எட்டு மாதத்துக்குப் பிறகு இத்தனை பக்கத்தில் வந்திருக்கிறான், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று தோன்றியது.

"முதல் பந்து நல்லா விழுந்துச்சு" என்று யாரோ கத்தினார்கள். கை தட்டினார்கள். அவள் மாதாவைக் கூப்பிட்டாள்.

அடுத்து ஒரு சத்தம் வந்தது. மனிதர்கள் எழுப்பிய சத்தம் அல்ல. டிவிக்குள்ளிருந்து, கட்டையில் பந்து முழுசாகப் பட்ட சத்தம். அதற்குப் பிறகு கடையில் ஒரு மூச்சும் இல்லை. பந்து மைதானத்தைத் தாண்டிவிட்டது, ஹோம் ரன் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவனை உடனே வெளியே எடுத்துவிட்டார்கள். அணி தோற்றது. கூட்டம் கலைந்து போகையில் ஒவ்வொருத்தராக அவள் ஜன்னலை எட்டிப் பார்த்தார்கள். தோமிங்கா வாசலில் நின்று, "பாக்கல, அவ பாக்கல, நான் சாட்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை தொலைபேசி அழைப்பு வந்தது. கடையில் சிப்ரியானோவைத் தவிர யாரும் இல்லை.

"அம்மா, என்னத் திருப்பிக் கீழ, சின்ன அணிக்கே அனுப்பிட்டாங்க."

"சாப்பிட்டியாடா?"

"நல்லாத்தாம்மா போட்டேன். கையில இருந்து போறப்பகூட நல்லாத்தான் போச்சு. எப்படி அடிச்சான்னே தெரியல." குரல் உடைந்தது. "எனக்கு இவ்வளவுதாம்மா போல. அங்க நிக்கற அளவுக்கு என் கையில ஒண்ணும் இல்ல. ஊருக்கு வந்துரட்டுமா?"

அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவன் கேட்டான், பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று தவிக்கிறவன் குரலில்.

"அம்மா... நீ பாக்கல இல்ல?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். பதினொரு வருஷம் கண்ணை மூடிக்கிடந்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குக் கிடைக்கிற மரியாதை. ஆனால் அதைச் சொன்னால் பழி அவன் கைமேல் போய் உட்காரும்.

"பாத்துட்டேன்டா" என்றாள்.

சிப்ரியானோ சட்டென்று நிமிர்ந்தார். "தோன்யா, நீங்க எங்க..." அவள் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு பார்வையில் அவர் வாயை அடைத்தாள்.

"ஏம்மா? சத்தியம் பண்ணினியேம்மா."

"மனசு கேக்கல. தகரத்துல ஒரு விரிசல் இருக்கு. அதுவழியா பாத்துட்டேன். தப்பு என்னோடது."

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் அழுதான். அழுது முடித்தபோது அவன் குரல் மாறியிருந்தது. பழைய வாந்தெலின் குரல்.

"அப்ப கை நல்லாத்தான் இருக்கு."

"கைக்கு என்னடா குறை?"

"ஊருக்கு வரல. இன்னொரு தடவ கூப்பிடுவாங்க." பிறகு சின்னப் பிள்ளைபோலக் கேட்டான். "நான் எப்படிம்மா இருந்தேன்?"

பார்க்காததை எங்கிருந்து எடுத்துச் சொல்வது? ராத்திரி ராத்திரியாக மனசில் பார்த்துவைத்ததைச் சொன்னாள். "நிமிந்து நின்னே. எறியறதுக்கு முன்னாடி உங்க அப்பா மாதிரி தோள ஒரு தடவ குலுக்கினே."

"அப்படியா பண்றேன்? எனக்கே தெரியாதே."

"பண்றே."

"அடுத்த தடவ பாக்காதேம்மா."

"பாக்க மாட்டேன்."

ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதன்மேலேயே இருந்தது. சிப்ரியானோ தலையைச் சொறிந்தார்.

"இந்தத் தெரு உங்கள உயிரோட விடாது, தோன்யா. உங்க பிள்ள நாளைக்கு போன் போட்டு எல்லாருக்கும் சொல்லிருவான்."

"சொல்லட்டும்."

"அவன் இனி காலத்துக்கும் உங்கள டிவி பக்கமே விடமாட்டான்."

"தெரியும்." அவள் கடை வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "நீங்க நேத்து நல்லாப் பாத்தீங்கல்ல? அவன் கால எவ்வளவு தூக்கறான்? கை எங்க போய்த் திரும்புது? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

சிப்ரியானோ கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கல்லாவை விட்டு வெளியே வந்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கனத்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தடுமாறி, இடது காலை மெல்லத் தூக்கினார்.

"இன்னும் மேல தூக்குவான்" என்றார் மூச்சு வாங்க.

"மெதுவா" என்றாள் நெரெய்தா. "மெதுவாச் செய்யுங்க. நான் பாக்கணும்."