வாரிசு இல்லை என்று எழுதினேன்

சித்தப்பாவின் பித்தளைத் தூக்குவாளிக்கு மூடி சரியாகப் பொருந்தாது. எப்போதோ கீழே விழுந்து விளிம்பு நசுங்கியிருந்தது. அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிப் பக்கம் அவர் மிதிக்கும்போது, ஒவ்வொரு பள்ளத்திலும் மூடி கலகலவென்று ஆடும். முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்திருப்பார். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கும் கரிசல், நடுவே அந்தச் சத்தம். மாசியில் குலசாமி கும்பிடப் போகிற வழி என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.

எங்கள் குலசாமி கோயிலில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கிடா வெட்டிப் பங்கு வைத்ததும், ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரையும் ஒருவர் உரக்கக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் கொடுத்துப் பாத்திரத்தை நீட்ட வேண்டும். கிடைப்பது கைப்பிடிக் கறிதான். ஆனால் பெயர் கூப்பிட்டால்தான் பங்காளி. சித்தப்பா வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பந்தல்குடிக்குப் போய், தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை போட்டார். இனி அவர் பெயரைக் கூப்பிடக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். காலேஜில் படித்தவன், குரல் நன்றாக இருக்கிறது என்று அந்த வருஷம்தான் பெயர் கூப்பிடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

அவர் வராமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு மாசிக்கும் வந்தார். கோயிலை ஒட்டி வரமாட்டார். எதிரே தரிசில் நிற்கும் உடைமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி கடைசிப் பெயர் வரை கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு அந்த மூடிச் சத்தம் ரோட்டுப் பக்கமாகப் போய்த் தேயும். அது தேய்கிற வரை நான் தலை தூக்க மாட்டேன். ஒருமுறை பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஏலே, ஒனக்கு நல்ல தொண்டடா. ஒடைமரம் வரைக்கும் கணீர்னு கேக்குது" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். குத்திக் காட்டினாரா, உண்மையிலேயே மெச்சினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. குத்திக் காட்டியிருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். அதைத் தாங்கிக்கொள்ள முடியும்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்துக் கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. நான் அப்போது ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். எங்கள் வம்ச வரிசையைத் தேடி எடுத்துக் கல்லில் வெட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். நரிக்குடி, திருச்சுழி என்று வெயிலில் அலைந்தேன். பழைய பத்திரங்களைப் புரட்டினேன். காது கேட்காத கிழவர்களிடம் கத்திக் கத்திக் கேட்டு ஏழு தலைமுறையை ஒன்று சேர்த்தேன். சித்தப்பா விஷயத்தில் பங்காளிகள் சொன்னது இவ்வளவுதான்: "அவுக பேரோட விட்ருங்க. அதுக்குக் கீழ ஒண்ணும் வேணாம்." அவருக்கு ஒரு மகன் உண்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் டியூப்பைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த பையனைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் வரைந்த வம்ச வரைபடத்தில் மற்றக் கிளைகள் எல்லாம் அடிவரை இறங்க, அந்த ஒரு கிளை மட்டும் அந்தரத்தில் நின்றது. சரியாக விசாரிக்காமல் விட்டுவிட்டான் என்று என்னைப் பற்றி யாராவது நினைப்பார்களே என்று உறுத்தியது. அந்த உறுத்தல் தீர, சித்தப்பாவின் பெயருக்குக் கீழே 'வாரிசு இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. படம் பார்க்க நிறைவாக இருந்தது.

போன வருஷம் ஒரு பெண் கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினாள். சித்தப்பாவின் பேத்தி. மகன் பிறந்திருக்கிறான், முதல் முடியைப் பிறந்த வீட்டுக் குலசாமிக்கு எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன், எது குலசாமி என்று கேட்டால் அப்பா வாயே திறப்பதில்லை என்றாள். யார் யாரையோ விசாரித்து என் நம்பரைப் பிடித்திருக்கிறாள். பிள்ளையோடு வந்தவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அவள் சாமி கும்பிட்டுத் திரும்பும்போது நான் கல்லை மறைத்துக்கொண்டு நின்றேன். "கொஞ்சம் தள்ளிக்கோங்க பெரியப்பா, போட்டோ எடுத்துக்கிறேன்" என்றாள். தள்ளினேன். தன் தாத்தா பெயரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அதற்குக் கீழே படித்தாள். "அப்ப எங்க அப்பா யாரு? இல்லாத மனுசருதான் நேத்து எங்களுக்குக் காராச்சேவு வாங்கிக் கட்டிக்குடுத்தாரா?" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு, "யாரு பெரியப்பா இப்படி எழுதுனது?" என்றாள்.

"கல்லு வெட்டுனவன் தப்பா வெட்டிட்டான்மா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். "அப்பச் சரி, திருத்திருங்க. திருத்துனதுக்கப்புறம் அப்பாவையும் கூட்டியாந்து முடி எடுக்கோம். இதப் பாத்தா அவுக தாங்க மாட்டாக" என்று சொல்லிவிட்டுப் போனாள். கல்லைத் தொட வேண்டுமென்றால் பங்காளிகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அவள் அவ்வப்போது போனில் பேசுவாள். "முடி கண்ண மறைக்குது பெரியப்பா. ரெட்டச் சடை போட்டிருக்கேன். பஸ்ஸுல எல்லாரும் பாப்பா பேரென்னன்னு கேக்காக" என்பாள். நானும் கூடச் சிரிப்பேன்.

இந்த மாசிக்கு, கல்லைத் திருத்தியிருப்பேன் என்று நம்பி அவர்கள் வந்துவிட்டார்கள். சித்தப்பா மகனுக்கும் தலை நரைத்திருந்தது. பேத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வா வா என்று கையைப் பிடித்து இழுத்தும் அவன் உடைமரத்தைத் தாண்டவில்லை. அவன் கையில் அதே தூக்குவாளி. இப்போது பெயர் கூப்பிடுகிறவன் என் தம்பி மகன். அவன் கடைசிப் பெயரை முடித்ததும் நான் எழுந்து சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, அந்த வீட்டுத் தலைக்கட்டையும் கூப்பிடு என்றேன்.

"அவுகளுக்குத்தான் வாரிசு இல்லையே பெரியப்பா, கல்லுலயே இருக்கே" என்றான். கள்ளமில்லாமல் சொன்னான். அவனுக்கு அப்படித்தான் தெரியும்.

"அது நான் எழுதுன பொய்" என்றேன். ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். சில பேர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தம்பி மகன் கையில் தாளோடு என்னையே பார்த்தபடி நின்றான். அவன் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்ததும், மரத்தைப் பார்த்து நானே கூப்பிட்டேன். குரல் எழும்பவில்லை. இருமல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அங்கே நின்றவன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தான். அன்று அத்தனை பெயர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த தொண்டை, இந்த ஒரு பெயரைக் கொண்டுபோகவில்லை.

கம்பை ஊன்றிக்கொண்டு தரிசில் இறங்கி நடந்தேன். பக்கத்தில் போனதும், "கேக்கலண்ணே, என்ன சொன்னீக?" என்றான். அவன் அப்பா பெயரைச் சொல்லி, பிறகு அவன் பெயரைச் சொன்னேன். அவன் தூக்குவாளியை மெல்லத் தூக்கி நீட்டினான். அதன் மூடி கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தது.