தோட்ட மணியும் ரயில் மணியும்

ஒரு துரையின் பகல் தூக்கத்துக்காக எங்கள் பஸ் பாதை மாறியது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, இலங்கைத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு ரயில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். அட்டன் கடைத்தெருவில் என் தாய்மாமனுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. கூடவே இரண்டு பஸ்கள். அவற்றில் ஒன்று மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து விடியலில் புறப்பட்டு, தோட்டங்கள் வழியாக வளைந்து வளைந்து அட்டனுக்கு வரும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பஸ் நேரத்தைத் தமிழில் எழுதி வைப்பது என் பொறுப்பு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, தார் பூசிக் காயவைத்து, வெள்ளைப் பெயின்டில் எழுதுவேன். பஸ் நிற்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு தகரப் பலகை தொங்கும். கடையின் வெளிச்சுவரில் பெரிதாக ஒரு பாதைப் படமும் போட்டிருந்தேன். அச்சடித்த இங்கிலீஷ் பஸ் நேரத் தாளில் தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர்கள்தாம் இருக்கும். அவர்களுடைய ஊர்ப் பெயர்கள், பெண்டாட்டி பெயர்கள். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அந்தப் பெயர்களைச் சொல்லமாட்டார்கள். ஆகவே என் படத்தில் பாறைத் தோட்டம், ஆத்தோரத் தோட்டம், பெரிய மட்டத் தோட்டம் என்று ஜனங்கள் வாயில் வருகிற பெயர்களையே எழுதியிருந்தேன். படிக்கத் தெரியாதவர்களும் வந்து பார்த்து, விரலை வைத்து, "நம்ம லயம் இதுக்குள்ளயா இருக்கு?" என்று தங்கள் வரிசை வீடுகளைத் தேடிக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

பஸ் அதுவரை மேல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு மைல் தூரம் பெரிய மட்டத் தோட்டத்தின் சொந்த ரோடு. துரையின் பங்களாவுக்குக் கீழே ஒரு முடக்கு. முடக்கில் ஹாரன் அடிக்காமல் திருப்பினால் எதிரே வரும் லாரியில் போய் முட்ட வேண்டியதுதான். மத்தியானத்தில் திரும்பி வரும் பஸ்ஸின் ஹாரன் சத்தத்தில் துரைக்குத் தூக்கம் போகிறதாம். ஒருநாள் இரண்டே வரியில் கடிதம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை முதல் அந்த ரோட்டில் பஸ் வரக்கூடாது. மாமா அதைப் படித்துவிட்டு, தொப்பி போட்ட யாரோ எதிரில் நிற்பதுபோல எழுந்து நின்றார். நின்றுகொண்டே பதில் எழுதச் சொன்னார். அதை எழுதினவனும் நான்தான்.

வேறு வழியில்லாமல் பஸ்ஸைக் கீழ் ரோட்டுக்கு மாற்றினோம். அது ஆற்றை ஒட்டி, பாறைத் தோட்டம் வழியாக வரும். அந்தத் தோட்டத்துக்கு அதுவரை பஸ் வந்ததே இல்லை. அங்குள்ளவர்கள் பஸ் ஏற வேண்டுமென்றால் மூச்சு வாங்க மேல் ரோட்டுக்கு ஏறி வருவார்கள். இனி வாசலுக்கே பஸ் வருகிறது என்று அங்கே ஒரே கொண்டாட்டம் என்று கேள்விப்பட்டேன்.

இந்த இடத்தில் தோட்டத்து நேரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் மலையில் இரண்டு நேரம் இருந்தது. ஒன்று ரயில் மணி. ஸ்டேஷனிலும் தபால் கந்தோரிலும் எங்கள் பஸ்ஸிலும் அதுதான். மற்றது தோட்ட மணி. ஆட்கள் கருக்கலிலேயே பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காகத் துரைமார் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். ரயிலுக்கு ஆறரை என்றால் தோட்டத்தில் ஏழு. தேயிலை ஸ்டோரில் தொங்கும் தண்டவாளத் துண்டை வாச்சர் அடிப்பான். லயத்து ஜனங்களுக்கு அந்தச் சத்தம்தான் நேரம். வேறு கடிகாரம் அவர்களிடம் ஏது? சூரியனுக்கே உத்தரவு போடுகிற மனிதர்கள், என்ன செய்வது!

இது தெரிந்ததால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். இங்கிலீஷ் தாளில் ரயில் மணிப்படி இருக்கும் நேரத்தோடு அரை மணியைக் கூட்டித் தமிழ்ப் பலகையில் தோட்ட மணியாக எழுதுவேன். பஸ் ஆறரைக்கு வருமென்றால் பலகையில் ஏழு. ஸ்டோரில் ஏழு அடிக்கும்போது பஸ் வந்து நிற்கும். மேல் ரோட்டில் இதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை. இந்த யோசனை என்னுடையது என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன்.

புதிய பாதைக்குப் பலகை எழுத உட்கார்ந்தபோது மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, ஒரு தடவ அந்த ரோட்டுல போய்ப் பாத்துட்டு வந்து எழுதுறேனே."

"போய் என்னத்தப் பாக்கப் போற? ரோடு அங்கயேதான் இருக்கு. ஞாயித்துக்கெழமைக்குள்ள பலக தொங்கணும் மாப்ள."

சரி என்று உட்கார்ந்துவிட்டேன். சுவர்ப் படத்தில் மேல் ரோட்டைச் சுண்ணாம்பு அடித்து அழித்தேன். ஆற்றோரமாகப் புதுக்கோடு இழுத்தேன். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நேரத்தோடும் அரை மணி கூட்டினேன். பாறைத் தோட்டத்துக்கு ஆறரை. ஏழு என்று எழுதினேன். அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி வாரம் தவறாமல் எங்கள் கடைக்கு வருகிறவர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எல்லாம் எனக்கே தெரியும் என்ற திமிரில் நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாப் பலகைகளும் தொங்கிவிட்டன.

திங்கட்கிழமை காலை பஸ் சரியான நேரத்துக்கு அட்டன் வந்தது. பாறைத் தோட்டத்தில் ஒருவரும் ஏறவில்லை என்று டிரைவர் சொன்னார். புது இடம்தானே, போகப் போக ஏறுவார்கள் என்றார் மாமா. எட்டேகாலுக்குக் கொழும்பு ரயில் கூவிக்கொண்டு போனது.

பத்து மணிக்கு மேல் ஒரு அம்மா கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். சேலை முழங்கால் வரைக்கும் சேறு. கையில் துணி மூட்டை. கடைக்குள் வராமல் சுவர்ப் படத்துக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஐயா, பாறத் தோட்டத்துக்கு பஸ்ஸு எத்தன மணிக்கின்னு இதுல போட்டிருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

படத்தின் கீழேயே நேரமும் எழுதியிருந்தேன். "ஏழு மணிங்கம்மா" என்றேன்.

"அப்புடித்தான் எங்க பூசாரியும் பலகையப் பாத்துச் சொன்னாரு. ஏழுக்கு முன்னுக்கே வந்து நின்னுட்டேங்க. ஸ்டோருல ஏழு அடிச்சுது. பஸ்ஸக் காணோம். லேட்டாத்தான் வரும்னு எட்டு அடிக்கிற வரைக்கும் நின்னேன். அப்புறம் நடந்தேன்."

"உங்க ஸ்டோர் மணி அரை மணி முந்தித்தானே இருக்கும்?" என்றேன்.

"இல்லீங்களே. புதுசா வந்த தொர ரயில் மணிக்கே மாத்திட்டாரு. ரெண்டு மாசமாகுது."

ஸ்டோரில் ஏழு அடித்தபோது உண்மையாகவே ஏழு. எங்கள் பஸ் அந்த இடத்தைத் தாண்டி அரை மணி ஆகியிருந்தது. நான் எழுதிய ஏழு மணியை நம்பி அந்த அம்மா வெறும் ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்.

எதற்கு வந்தார் என்று பிறகுதான் சொன்னார். ஒரே மகள். ஆத்தோரத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகனுக்கு அங்கே வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். இரண்டு பேரையும் அன்று காலை எட்டேகால் ரயிலில் இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். மகளுக்கு ஆறு மாதம். அங்கே போகிற ஊரில் இவர்களுக்கு இனத்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்ததால், முந்திய நாளே போய் மகளோடு இருக்கத் தோட்ட அதிகாரியான கண்டாக்கு லீவு தரவில்லை. திங்கட்கிழமை அரை நாள்தான் தந்தார். ரயில் பிந்தினாலும் பிந்தும் என்றுதான் நடந்து வந்திருக்கிறார். மூட்டையில் வழிக்குத் தேங்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தார்.

"மேல் ரோட்டுல பஸ்ஸு போனப்ப தப்பினதே இல்லீங்க. விடிய முந்தி ஏறிப் போய் உக்காந்திருவோம். இப்ப நம்ம வாசலுக்கே வருதுன்னாங்க. அதுல ஏழுன்னு எழுதியிருக்குன்னாங்க."

அவர் மறுபடி கேட்டார்.

"அந்த ரயிலு நாளைக்கும் போகுமாங்க?"

"போகும்மா."

"ம். அதுல எம் புள்ள இருக்காது."

அவர் ஒரு சொல் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். என் தலையில் மண்ணை வாரிப் போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னை ஐயா என்றார். படித்துச் சொன்னதற்காகக் கும்பிட்டார். மத்தியானப் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது, கூலி கிடைக்காது என்று சொல்லிவிட்டு, மூட்டையோடு வந்த வழியே திரும்பினார். ஆறு மைல். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

மாமாவிடம் போனேன். பெரியவர் என்ற மரியாதையெல்லாம் அன்றைக்குப் பறந்துவிட்டது. கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினேன். மாமா அசையவில்லை. இங்கிலீஷ் தாளை எடுத்து என் முன்னால் போட்டார்.

"இந்தா பாரு. ஆறரன்னு சரியாத்தான அடிச்சிருக்கு? நம்ம மேல என்னடா குத்தம்?"

"இத யாரு மாமா படிக்கிறா? இதப் படிக்கத் தெரிஞ்ச தொர நம்ம பஸ்ஸுலயா வர்றாரு? ஏறி வர்ற சனத்துக்குத் தப்பா எழுதிப்புட்டு, எட்டிப் பாக்காதவனுக்குச் சரியா அடிச்சு வச்சிருக்கோம்!"

"நீதான எழுதுன?"

ஆமாம், நான்தான் எழுதினேன். தூங்குகிற துரை மேல் கோபம். விருப்பத்துக்குக் கடிகார முள்ளைத் திருப்பி வைக்கிற துரைமார் மேல் கோபம். இரண்டு வரிக் கடிதத்துக்கு எழுந்து நின்ற மாமா மேல் கோபம். எல்லாவற்றையும் சுற்றிவந்து கடைசியில் என் கையில்தான் போய் நின்றது. அந்த முத்து முத்தான எழுத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் யாரையும் கேட்காமல் பெயின்ட் டப்பாவோடு பஸ் ஏறினேன். நின்ற இடத்திலெல்லாம் இறங்கி விசாரித்தேன். கீழ் ரோட்டில் மூன்று தோட்டங்கள். மூன்றிலும் மூன்று நேரம். ஒன்று ரயில் மணி, ஒன்று அரை மணி முந்தி, இன்னொன்றில் இருபது நிமிடம் முந்தி. ஏன் இருபது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பலகையிலும் அந்தந்த ஸ்டோர் மணிப்படி ஒரு நேரம், கீழே ரயில் மணிப்படி ஒரு நேரம் என்று திருத்தி எழுதினேன். பாறைத் தோட்டத்தில் ஏழு என்பதை அழித்து ஆறரை என்று எழுதினேன். மேலே மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் வரிசை தெரிந்தது. அதில் அந்த அம்மா எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. போய்ப் பார்க்க எனக்குத் தைரியமும் இல்லை.

அதற்குப் பிறகு எந்தப் பலகையிலும் பிசகு வரவில்லை. ஆனால் பாறைத் தோட்டத்தில் மட்டும் ஜனங்கள் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று டிரைவர் சொன்னார். பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்களாம். "பாத்தியா, எவ்வளவு ஒழுங்கா வர்றாங்க!" என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது கையிலிருந்த தராசுப் படிக்கல்லை வீசலாமா என்று தோன்றியது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வழியாக வந்தேன். பாறைத் தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் பாலக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவும் இருந்தார். மற்றவர்களெல்லாம் ஏற, அவர் மட்டும் எழுந்து ஒதுங்கி நின்றார். நான் இறங்கிப் போய், "நீங்க ஏறலிங்களாம்மா?" என்று கேட்டேன்.

"நான் எங்கங்க போறது? இந்தப் பொண்ணுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். பஸ்ஸு தப்பிடக் கூடாதுன்னு எழுப்பிக் கூட்டியாந்தேன்."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் லயம் லயமாகப் போய் எழுப்புகிறார் என்று ஏறின பெண் சொன்னாள். மகளைப் பற்றிக் கேட்டேன். தகவல் ஒன்றும் வரவில்லை என்றார். பிள்ளை பிறந்திருக்கும், அதுவும் தெரியாது என்றார். அவர் தலைக்கு மேல் தொங்கிய பலகையைக் காட்டினேன்.

"அம்மா, இப்ப அதச் சரியா எழுதியிருக்குங்க. ஆறரைக்கு வந்தாப் போதும்."

அவர் பலகையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இருக்கட்டுங்க ஐயா. நாங்க வந்து உக்காந்துக்கிறோம்."