மூன்று விரல் பஞ்சு

வண்டிகள் வெளியேறும் கேட்டைத் தூக்குகிற பொத்தான் தாக் போங்-ஹியின் கையில் இருந்தது. பதினோரு வருஷமாக அங்கேதான் இருந்தது. சுன்ச்சான் நகரில், பிள்ளை பெற்றவர்கள் இரண்டு வாரம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போகிற எங்கள் இல்லத்தில் டாக்டர் வந்து போவார், நர்ஸ்கள் உண்டு, எல்லோரையும் அதட்ட இயக்குநர் அம்மா ஒருத்தி உண்டு. ஆனால் ஒரு குழந்தை வீட்டுக்குக் கிளம்பலாமா கூடாதா என்று கடைசியில் சொல்கிறவள், கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் சூடேறும் மெத்தை போட்டு உட்கார்ந்திருக்கும் போங்-ஹிதான் என்று சமையலறையில் நாங்கள் பேசிக்கொள்வோம்.

சம்பளம் வண்டிக்கு இடம் காட்டுவதற்கு மட்டும்தான். மற்றதை அவளாக எடுத்துக்கொண்டாள். அதற்கு முன் ஆறு வருஷம் ஒரு கடையில் குழந்தைகளுக்கான கார் சீட் விற்றவள். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு தகப்பன் சீட்டில் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கிளம்பப் பார்த்தார். போங்-ஹி சும்மா அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சீட் குழந்தையோடு அவள் பக்கம் வழுக்கி வந்துவிட்டது. வண்டியோடு அதைக் கட்டவே இல்லை. "கனமா இருக்கே, தானா நிக்கும்னு நெனச்சேன்" என்றார் அந்த மனிதர். அன்றிலிருந்து வண்டிக்குள் தலையை விடாமல் அவள் பொத்தானை அழுத்தியதில்லை.

முழங்காலைச் சீட்டில் ஊன்றி, உடம்புக் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டு, பெல்ட்டை இழுத்து இறுக்குவாள். பிறகு பெல்ட் நுழைகிற இடத்தைப் பிடித்து ஆட்டுவாள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடியும் முழங்கால். குழந்தை முகம் தெரிய வேண்டும் என்று சீட்டை முன்பக்கம் பார்த்து மாட்டி வருகிறவர்களைக் கண்டால் அவளுக்குத் தனி உற்சாகம்.

"உங்க மூஞ்சிய அவன் இன்னும் இருவது வருஷம் பாக்கணும். இப்பவே என்ன அவசரம்? கழுத்து டோஃபு மாதிரி இருக்கு. பின்னாடி பாத்து உக்காரட்டும்."

இரண்டு முறை புகார் போயிருக்கிறது. இயக்குநர் அம்மா கூப்பிட்டு அதட்டினாள். போங்-ஹி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, கீழே வந்து அடுத்த வண்டிக்குள் தலையை விட்டாள்.

இப்படி இருந்தவளுக்கு ஒரு ஜனவரி மாதம் சோதனை வந்தது. அவள் தங்கை சோ-ரான், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, பெண் குழந்தை பெற்று எங்கள் இல்லத்திலேயே வந்து சேர்ந்தாள். தாய் இல்லாத வீட்டில் அந்தத் தங்கையைப் போங்-ஹிதான் தூக்கி வளர்த்தாள். தங்கை புருஷன் க்யு-ஹோ சாது. அவனையும் அப்படித் தூக்கி வளர்த்தது அவனுடைய அக்கா மல்-சுன். சந்தையில் பஞ்சுப் போர்வைக் கடை அவளுடையது. கடைக்கு மேலே உள்ள வீட்டில்தான் மூவரும் இருந்தார்கள்.

மல்-சுன் குழந்தைக்கு ஒரு பஞ்சுச் சட்டை தைத்திருந்தாள். கை கால் எல்லாம் வைத்து, கழுத்திலிருந்து பாதம் வரை மூடுகிற சிவப்புச் சட்டை. அதைப் போட்டு, தன் மடியில் வைத்து, தானே வீட்டுக்குக் கொண்டுவரப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அவர்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளையை வீட்டுக்கு எடுத்து வருவது மூத்த பெண்ணின் உரிமை.

முந்தின நாள் சோ-ரான் கம்பளிக் காலுறையோடு கூண்டுக்கு இறங்கி வந்தாள்.

"அக்கா, நாளைக்கு நீ வாயத் தெறக்கக் கூடாது."

"உன் நாத்தனார்கிட்ட நீ சொல்லிட்டியா?"

"சொன்னேன். 'என் கைய விட அந்தப் பிளாஸ்டிக் ஒசத்தியா?'ன்னு கேட்டாங்க."

"ஒசத்திதான்னு சொல்ல வேண்டியதுதான?"

"அக்கா! நீ வண்டிய அனுப்பிட்டு கேட்ட மூடிக்குவ. அவங்ககூட ஒரே கூரைக்குக் கீழ இருக்கப்போறது நான்."

போங்-ஹி மெத்தையின் ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"சண்ட போட மாட்டேன். ஆனா மடியில வெச்சா கேட்டத் தூக்க மாட்டேன்."

மறுநாள் வெளியே பனி இறுகிக் கிடந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு மூன்று வேளையும் கொடுக்கிற கடற்பாசி சூப்பைக் கடைசியாக ஒரு முறை அடுக்கில் ஊற்றி நான்தான் கீழே எடுத்துப் போனேன். க்யு-ஹோ மாட்டியிருந்த சீட்டைப் போங்-ஹி பேசாமல் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பின்பக்கம் பார்த்து, சரியான சாய்வில் இருந்தது. அதில் ஒரு பை உட்கார்ந்திருந்தது. குழந்தை, பஞ்சுச் சட்டைக்குள் கையும் காலும் மடங்காமல் கரடிக்குட்டி மாதிரி, மல்-சுன் மடியில் இருந்தது.

க்யு-ஹோ வண்டியைக் கேட்டு வரை கொண்டுவந்தான். கேட் எழும்பவில்லை.

மல்-சுன் கண்ணாடியை இறக்கினாள். "சம்பந்தி, கேட்டு மக்கர் பண்ணுதாங்க?"

"கேட்டு நல்லாத்தான் இருக்குங்க, சம்பந்தி."

"அப்ப நாங்க கெளம்பலாமா?"

"கொழந்த சீட்டுல உக்காந்ததும் கெளம்பலாங்க."

பெற்றவர்கள் இடத்தில் இருந்து வளர்த்ததால் ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்குக் குறைவே இல்லை. இருவரும் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்கள். சோ-ரான் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பின்னால் இன்னொரு வண்டி வந்து ஹாரன் அடித்தது.

க்யு-ஹோதான் வழி கண்டுபிடித்தான். "அக்கா, சட்டையோடவே சீட்டுல வெச்சுக் கட்டிடலாம். உன் சட்டையும் இருக்கும், சீட்டும் இருக்கும்." இறங்கி வந்து, பையை எடுத்துவிட்டு, தோள் பட்டைகளைக் கடைசி வரை தளர்த்தி, குழந்தையை வைத்துப் பக்கிளை மாட்டினான். 'டக்' என்று சத்தம் கேட்டது. மல்-சுன் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொண்டாள். சோ-ரான் பெருமூச்சு விட்டாள். நானும்தான்.

போங்-ஹி கூண்டிலிருந்து வந்து பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் இரண்டு வீட்டுக்கும் சமாதானம். அவள் சட்டையைத் தடவினாள்.

"நல்ல தையலுங்க, சம்பந்தி. எவ்வளவு பஞ்சு வெச்சீங்க?"

"மூணு விரல் கனம். அசல் பருத்தி. சந்தையில மத்தவங்க அடைக்கிறாங்களே நைலான் குப்பை, அதில்ல."

"அழுத்துனா எவ்வளவு ஆகும்?"

"முப்பத்திரெண்டு வருஷமா தைக்கிறேன், என்கிட்டயே கேக்குறீங்களா? நல்லா அழுத்துனா அர விரல்கூட இருக்காது. மீதி எல்லாம் காத்துதான்..."

மல்-சுன் பேச்சை விட்டுவிட்டுக் குனிந்தாள். பட்டையைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள்.

"டேய் க்யு-ஹோ, வண்டி எங்கயாவது இடிச்சா?"

"மெதுவாத்தான் ஓட்டுவேன், அக்கா."

"எதிர்ல வர்றவனும் மெதுவா ஓட்டுவானாடா? கழட்டு அத. பட்டைய இழுக்காத, இருக்குற அளவுலயே கெடக்கட்டும்."

பக்கிளைக் கழற்றி, பஞ்சுச் சட்டையை உரித்து, உள்ளே போட்டிருந்த மெல்லிய பருத்தி உடுப்போடு குழந்தையைத் திரும்ப வைத்து, அதே அளவில் மாட்டினாள். பட்டைக்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் நடுவே தன் முஷ்டியை நுழைத்தாள். தாராளமாகப் போய் வந்தது.

"என் கை போகுதே! புள்ள இதுக்குள்ளேருந்து பறந்துடுமே!"

போங்-ஹி சொல்ல வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை.

"ஆனா குளுருமே, சம்பந்தி. இந்தக் குளுருல இவ்வளவு மெல்லிசா எப்படி?"

"கட்டினதுக்கு மேல போத்துங்க. கழுத்துக்குக் கீழ. உங்க பஞ்சு எங்கயும் போயிடல, எடந்தான் மாறுது."

"அப்ப என் கை எதுக்கு?"

"வீட்டு மாடிக்கு எத்தன படிங்க?"

"இருவத்தாறு."

"அத யாரு தூக்கிட்டு ஏறப்போறாங்க? சோ-ரானால முடியுமா? நீங்கதான். அதுக்குக் கை வேணுமில்ல?"

மல்-சுன் பட்டையை இழுத்தாள். வழக்கமாகத் தோளுக்குமேல் பட்டையைக் கிள்ளிப் பார்ப்பது போங்-ஹியின் வேலை. மடிப்பு விரலில் சிக்கினால் தளர்ச்சி என்று அர்த்தம். அவள் கையை நீட்டுவதற்குள் தையல்காரியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அங்கே போய்விட்டன.

"இங்க சுருக்கம் விழுது பாரு. இன்னும் ஒரு இழுப்பு." இழுத்தாள். மறுபடி கிள்ளினாள். துணி பிடிபடவில்லை. "ம். இப்ப சரி."

போங்-ஹி நீட்டிய கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மல்-சுன் சிவப்புச் சட்டையைக் குழந்தைமேல் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். சூப் அடுக்கைச் சோ-ரானிடம் கொடுத்தேன். "இன்னுமா பாசி?" என்று முகத்தைச் சுளித்தாள். அக்காவைப் பார்க்கும்போது அந்தச் சுளிப்பு இல்லை.

"கேட்டு சரியாயிடுச்சாங்க, சம்பந்தி?" என்று மல்-சுன் உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆயிடுச்சுங்க, சம்பந்தி."

போங்-ஹி கூண்டுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். வண்டி சரிவில் ஏறி வெளிச்சத்துக்குள் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் காத்திருந்த வண்டிக்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார். கேட் அவருக்கு முன்னால் இறங்கியது. போங்-ஹி கூண்டைவிட்டு வெளியே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் வண்டியின் பின்கதவைத் திறந்தாள்.

"ஹாரன் நல்லாத்தான் இருக்கு. சீட்டு எப்படி இருக்குன்னு பாப்போம்."